கூட்டாகப் பாடுவித்தல்: ஆசிரியர்க்குரிய அடிப்படைப் பயிற்சிகள்

விழாக் காலங்களில் நமது கல்லூரிகளிலே தவறாது நிகழ்வன மூன்று: மங்கல விளக்கேற்றல், கடவுள் வணக்கம், கல்லூரிக் கீதம் இசைத்தல். இவற்றுள் முதலாவதைப் பெரியோர் சிலர் செய்வர். ஏனைய இரண்டும் அவையோர் அனைவரும் ஒருங்கே செய்தற்குரியன. ஆயின், நடப்பது யாது? கீதம் தொடங்கியதும் அனைவரும் எழுந்து நிற்கின்றனர். மேடையிலே பத்துப் பன்னிரண்டு மாணவர் ஒலிவாங்கியின் முன் நின்று பாடுகின்றனர். அவையிலோ பலர் உதட்டை மாத்திரம் அசைக்கின்றனர். சிலர் அதுவுஞ் செய்யாது தரையை நோக்கி நிற்கின்றனர். இவர்கள் கல்லூரிமீது பற்றில்லாதவர் அல்லர். கீதத்தின் சொற்களை மறந்தவரும் அல்லர். "எமக்குப் பாட வராது" என்று தம்மைத் தாமே ஒதுக்கிக்கொண்டவர்கள். அவ்வெண்ணம் அவர்கள் மனத்திற் புகுந்த இடம் பெரும்பாலும் பாடசாலையே என்பதை ஆசிரியராகிய நாம் எண்ணிப் பார்த்தல் வேண்டும்.

"உனக்குக் குரல் இல்லை, நீ பாடாதே, வாயை மட்டும் அசை" என்று பன்னிரண்டு வயதிலே கேட்ட சொல் அறுபது வயதிலும் காதை விட்டு நீங்குவதில்லை. பரிசு கருதிப் பத்துப் பேரைத் தெரிந்தெடுத்து, ஏனையோரை வாளாவிருக்கச் செய்யும் வழக்கம் பல பாடசாலைகளிலும் உண்டு. அண்மைக் காலத்திலே அதனினும் எளிய வழியொன்று புகுந்துள்ளது. ஒலிப்பதிவு செய்த கீதத்தை ஒலிபெருக்கியிற் போட்டுவிட்டால் வேலை முடிந்தது. பெட்டி பாடுகின்றது, பிள்ளைகள் நிற்கின்றனர்.

யாம் சங்கீத வித்துவான் அல்லேம். தமிழ் கற்பிக்கும் பயிற்றப்பட்ட ஆசிரியர். சங்கீத ஆசிரியர் இல்லாத பாடசாலையிலும், அவர் விடுமுறையில் நிற்கும் நாளிலும், காலைப் பிரார்த்தனையை நடத்துங் கடமை எம்போன்றார் தலையிலே வந்து சேர்கின்றது. அத்தகையோர்க்குப் பயன்படுமாறு சில பயிற்சிகளை ஈண்டுத் தொகுத்துக் கூறுவாம். இவற்றுக்கெல்லாம் அடிப்படையானது ஒன்றுண்டு. பாடுவிப்போன் தொழில் பாடுதல் அன்று. கேட்டலும் காட்டலுமே அவன் தொழில். இதனை மனத்திற் கொண்டால் ஏனையவை எளிதிற் கைவரும்.

கூட்டிசை நமக்குப் புதியதன்று

"நமது இசை தனியொருவர் பாடும் இசை, கூட்டமாகப் பாடுதல் மேல்நாட்டார் வழக்கம்" என்பாருளர். சிலப்பதிகாரம் கற்றார் இங்ஙனங் கூறார். ஆய்ச்சியர் குரவையிலே மாதரி ஆயர் மகளிர் எழுவரை நிறுத்தி, குரல், துத்தம், கைக்கிளை, உழை, இளி, விளரி, தாரம் என்னும் ஏழு சுரங்களின் பெயரையும் முறையே அவர்க்கு இடுகின்றாள். அவர்கள் கைகோத்து வட்டமாக நின்று ஆடிப் பாடுகின்றனர். யாரை எங்கே நிறுத்துவது என்று வகுத்துத் தந்த மாதரியைக் கூட்டிசை நடத்திய ஆசிரியை என்றே நாம் கொள்ளலாம். நம் ஊர்களிலே மார்கழித் திருவெம்பாவைக் காலத்தில் விடியற்காலையிற் சங்கும் சேமக்கலமும் ஒலிக்கச் சிறுவர் கூட்டமாகப் பாடிச் செல்லும் வழக்கமும், ஒருவர் சொல்லப் பலர் ஏற்றுப் பாடும் பசனை மரபும் கூட்டிசையே.

மேல்நாட்டாரிடமிருந்து நாம் கொள்ளத்தக்கது, பலரை ஒரே கணத்தில் தொடங்கவும் ஒரே கணத்தில் நிறுத்தவும் கையினாற் காட்டும் முறையாகும். அதனைக் கொண்டமையால் நமது இசை கெட்டுவிடாது. சென்னையிலே எம். பி. சீனிவாசன் (1925–1988) இளைஞர் சேர்ந்திசைக் குழுவை அமைத்துப் பாரதியார் பாடல்களையும் பிற இந்திய மொழிப் பாடல்களையும் பல குரல்களிற் பாடுவித்தார். மேல்நாட்டு முறையும் நம் பாட்டும் ஒன்றோடொன்று இணங்கும் என்பதற்கு அவர் பணியே சான்று.

ஆசிரியரின் ஆயத்தம்

முதல் வேலை வகுப்பறைக்கு வெளியே நிகழ்வது. ஆசிரியர் பாட்டை முழுமையாக மனனஞ் செய்தல் வேண்டும். ஏட்டை நோக்குங் கண் மாணவரை நோக்காது. அதன்பின் பாட்டை ஒரு தாளில் எழுதி, மூச்சு எடுக்கும் இடங்களையும், மிக உயர்ந்த சுரமும் மிகத் தாழ்ந்த சுரமும் வரும் இடங்களையும், நீட்டி நிறுத்தும் இடங்களையும் குறித்துக்கொள்க.

மூச்சிடங் குறித்தலிலே தமிழாசிரியர்க்கு வாய்ப்பு மிகுதி. சீர் பிரித்தல் வேறு, பொருள் பிரித்தல் வேறு என்பதை அவர் அறிவார். "குன்றேறாமா" என்னுந் தொடரை இலக்கண வகுப்பிலே நாம் எடுத்துக்காட்டுகின்றோம். "குன்று ஏறா மா" என நிறுத்தினால் அது மலை ஏறாத விலங்கு. "குன்று ஏறு ஆமா" என நிறுத்தினால் மலை ஏறுகின்ற காட்டுப்பசு. நிறுத்தும் இடம் மாறப் பொருள் தலைகீழாகின்றது. பாட்டிலும் அவ்வாறே. நாற்பது மாணவர் நாற்பது இடங்களில் மூச்சு வாங்கினால் கேட்போர்க்குச் சொல் விளங்காது. அனைவர்க்கும் பொதுவான மூச்சிடங்களை ஆசிரியரே தீர்மானித்துக் கரும்பலகையிற் சிறு கோடிட்டுக் காட்டுதல் வேண்டும்.

மாத்திரையையும் நோக்குக. குறிலுக்கு 1, நெடிலுக்கு 2, மெய்க்கு ½ எனக் கற்பிக்கின்றோம். இசையில் இவ்வளவு கடந்து எழுத்துக்கள் நீளும் என்பதைத் தொல்காப்பியர் நூன்மரபின் இறுதியில் ஏற்றுக்கொள்கின்றார். ஆயின் கூட்டமாகப் பாடுகையில் நீட்டத்தக்கது உயிரொலியே. மாணவர் இயல்பாகவே இறுதி "ம்" மீதும் "ல்" மீதும் விரைந்து சென்று, வாயை மூடி அங்கே தங்குவர். அதனால் ஒலி மழுங்குகின்றது. உயிரெழுத்தை இறுதிவரை தாங்கி, கை காட்டும் கணத்திலே மெய்யை மூடுவித்தல் வேண்டும்.

குரலும் சுருதியும்

ஆண்கள் கல்லூரியிற் பாடுவிப்போர்க்கு உள்ள பெருஞ்சிக்கல் குரல்மாற்றம். பெரும்பாலும் 12 வயதுக்கும் 15 வயதுக்கும் இடையே மாணவனின் குரல்வளை வளர்கின்றது. குரல்நாண்கள் நீண்டு தடிக்கின்றன. குரல் ஏறத்தாழ ஒரு தாயி கீழிறங்குகின்றது. இம்மாற்றம் சிலர்க்குச் சில மாதங்களில் முடியும். சிலர்க்கு ஓராண்டுக்கு மேலுஞ் செல்லும். இதனிடையே குரல் உடைதலும், நினைத்த சுரம் வாராமையும் இயல்பு. இது நோயும் அன்று; இசையறிவின்மையும் அன்று.

ஆகவே, நம் காலைக் கூட்டத்திலே மூவகைக் குரல்கள் உள. மாறாத சிறுவர் குரல், மாறிக்கொண்டிருக்கும் நடுக்குரல், மாறிமுடிந்த பெரியோர் குரல் என்பன அவை. ஆண் ஆசிரியர்க்கு இயல்பான சுருதி பெரும்பாலும் 1 கட்டையை அடுத்து நிற்கும்; மகளிர்க்கும் சிறுவர்க்கும் 5 கட்டையை அடுத்து நிற்கும். ஆசிரியர் தமக்கு வசதியான சுருதியைக் கொடுத்துவிட்டால் சிறுவர் அடித்தொண்டையில் முனகுவர், அன்றேல் மேலே கத்துவர். சுருதியைத் தெரிதற்கு எளிய முறை ஒன்றுண்டு. பாட்டின் மிகத் தாழ்ந்த சுரத்தையும் மிக உயர்ந்த சுரத்தையும் மாணவரைக் கொண்டே பாடுவித்துப் பார்க்க. இரண்டும் கழுத்து நரம்பு புடைக்காமல் வருமாயின் அச்சுருதி பொருந்தும். இல்லையேல் அரைக் கட்டை ஏற்றியோ இறக்கியோ மீண்டுஞ் சோதிக்க. எல்லா வகுப்பாரும் கூடிப் பாடும்போது, பாட்டு ஒரு தாயியளவில் அடங்குமாயின், 2 கட்டையை ஒட்டிய சுருதி பெரும்பாலும் பொருந்தக் காண்கின்றோம். பெரியோர் கீழ்த் தாயியிலும் சிறுவர் மேல் தாயியிலுமாக இரு சாராரும் வருத்தமின்றிப் பாடலாம்.

நடுக்குரல் மாணவரை என் செய்வது? அவர்க்கு ஓர் உயர்ந்த தொழில் கொடுத்தல் கூடும். பாட்டு நடக்கும்போது ஆதார ஷட்ஜத்தை, அல்லது தம் குரலுக்கு இசைவாயிருப்பின் பஞ்சமத்தை, மெல்லென இழுத்து நிற்கச் செய்க. பஞ்சமம் இல்லாத இராகமாயின் ஷட்ஜமே போதும். அவர்கள் அப்பொழுது கூட்டத்தின் தம்பூராவாகின்றனர். "நீ பாடாதே" என்று சொல்லப்பட வேண்டியிருந்த மாணவன், "நீ சுருதி தாங்கு" என்று சொல்லப்படுகின்றான். இவ்விரு சொற்களுக்குமிடையேயுள்ள வேறுபாடு ஒரு பிள்ளையின் வாழ்நாள் முழுவதும் செல்வதாகும்.

சுருதிப்பெட்டியோ ஆர்மோனியமோ இல்லாத இடத்திற் கைத்தொலைபேசியிலும் இன்று சுருதி கிடைக்கின்றது. கருவி எதுவாயினும் ஆகுக. பாட்டுத் தொடங்குமுன் பத்து விநாடியாவது அனைவரும் அதனை அமைதியாகக் கேட்டு, வாய்மூடி "ம்" என ஒத்து நிற்றல் வேண்டும்.

நிறுத்தும் முறை

நேர்வரிசையிலும் பிறைவடிவே சிறந்தது. ஒருவர் குரல் மற்றவர் காதிற் படும். குறியவர் முன்னும் நெடியவர் பின்னுமாக நிற்க. சுரத்தை உறுதியாகப் பற்றும் மாணவரை ஓரங்களில் நிறுத்தாது, இரண்டாம் வரிசையின் நடுவிலே பரவலாக நிறுத்துக. அவர் குரல் முன்னும் பின்னும் வழிகாட்டும். தயங்கும் மாணவனை அத்தகைய இருவர் இடையில் நிறுத்துக. ஏடு தேவைப்படின் மார்பளவிற் பிடிக்கச் செய்க. முகத்தை மறைக்கும் ஏடு குரலையும் மறைக்கும். ஆசிரியர் தம் கையும் முகமும் கடைசி வரிசைக்குத் தெரியுமிடத்தில் நிற்றல் வேண்டும். வரிசையை ஒட்டி நின்றால் அருகிலுள்ள குரல்களே அவர் காதில் விழும்.

கையினாற் காட்டல்

தாளம் போடுதல் வேறு. கையினாற் காட்டுதல் வேறு. தாளம் போடுபவர் தமக்கோ உடன் பாடுவார்க்கோ எண்ணிக்கையை வைத்துக்கொள்கின்றார். காட்டுபவர் இனி வரப்போவதை முன்கூட்டியே அறிவிக்கின்றார். அடித்து ஓசையெழுப்பிக் காலம் காட்டும் முறை முற்காலத்தில் மேல்நாட்டிலும் இருந்தது. பிரான்சு தேசத்து அரசவை இசைஞர் லுல்லி, 1687ஆம் ஆண்டிலே கோலை நிலத்திற் குத்திக் காலம் காட்டுகையிற் தம் காலிற் குத்திக்கொண்டு, அப்புண் அழுகி அவ்வாண்டிலேயே இறந்தார். நாம் அடிமட்டத்தால் மேசையைத் தட்டும்போது அத்துணைத் தீங்கு நேராது. எனினும் அவ்வோசை பாட்டைக் கொல்லும். மாணவர் காதாற் கேட்டுப் பின்தொடர்வர். கண்ணாற் கண்டு ஒன்றுசேரார்.

வலக்கையை இடுப்புக்கும் தோளுக்கும் இடைப்பட்ட வெளியிலே, மணிக்கட்டு இறுகாமல் வைத்துக்கொள்க. இரண்டு எண்ணிக்கைக்குக் கீழ், மேல். மூன்றுக்குக் கீழ், வலம், மேல். நான்குக்குக் கீழ், இடம், வலம், மேல். எதுவாயினும் முதல் எண்ணிக்கை கீழ்நோக்கியும் கடைசி எண்ணிக்கை மேல்நோக்கியும் அமையும். இவை நம் தாளங்களோடு நன்கு பொருந்துவன. ஆதி தாளத்தின் 8 எண்ணிக்கையை 4 + 4 எனக் காட்டலாம். வழக்கிலுள்ள ரூபகத்தை மூன்றாகக் காட்டலாம். மிச்ர சாபுவின் 7 எண்ணிக்கையை 3 + 2 + 2 என முதல் அசைவை நீட்டியும், கண்ட சாபுவின் 5 எண்ணிக்கையை 2 + 3 என இரண்டாவதை நீட்டியும் காட்டலாம். நாடோறும் ஐந்து நிமிடம் கண்ணாடிமுன் நின்று பயின்றால் இரண்டு கிழமையிற் கை பழகிவிடும். கடிகாரத்தின் விநாடிமுள்ளோடு ஒத்துக் காட்டினால் நிமிடத்துக்கு 60 என்னும் காலப்பிரமாணமும் கைவசமாகும்.

கையசைவிலே மிக முதன்மையானது தொடக்கத்துக்கு முந்திய அசைவு. பாட்டு எந்தக் காலத்தில் நடக்க வேண்டுமோ அந்தக் காலத்திலேயே, ஓர் எண்ணிக்கை முன்பாகக் கையை உயர்த்துக. உயர்த்தும்பொழுது ஆசிரியர் தாமும் வாய்திறந்து மூச்சை உள்வாங்குக. மாணவர் அதனைக் கண்டு தாமும் மூச்சு வாங்குவர். கை கீழே படும்போது குரல் எழும். "ஒன்று, இரண்டு, மூன்று" என்று கூவவேண்டியதில்லை. மென்மையாக உயர்த்திய கைக்கு மென்மையான குரலும், வேகமாக உயர்த்திய கைக்கு வேகமான குரலும் விடையாக வரும். ஒருவர் மூச்சைக் கண்டு நூறு பேர் மூச்சு எடுத்தலே கூட்டிசையின் முழு இரகசியம் எனலாம்.

எடுப்பையும் கவனிக்க. பாட்டுத் தாளத்தோடு ஒருங்கு தொடங்கின் சமம். தாளத்துக்கு முன் தொடங்கின் அதீதம். பின் தொடங்கின் அனாகதம். அனாகத எடுப்பாயின் வெற்றெண்ணிக்கையைச் சிறு அசைவாற் காட்டி, பாட்டு எழும் இடத்திற் கையைத் தெளிவாக விரித்தல் வேண்டும். இல்லையேல் துணிந்தவன் ஒருவன் முந்துவான். ஏனையோர் அவன்பின் இழுபடுவர்.

இடக்கை வலக்கையின் நிழலாக அசைதல் வீண். அது செய்யத்தக்க வேலைகள் வேறு. உள்ளங்கை மேல்நோக்கி உயர்ந்தால் குரல் பெருகுக. கீழ்நோக்கித் தாழ்ந்தால் குரல் அடங்குக. ஒரு பக்கத்தைச் சுட்டினால் அப்பக்கத்தார் தொடங்குக. வட்டமிட்டு மூடினால் அனைவரும் நிறுத்துக. இந்நான்கும் போதும்.

பண்ணோடு ஓதுந் தேவாரத்திற்கு ஒரு தனிக்குறிப்பு வேண்டும். தாளத்தோடு பாடுவதைப் பண்ணாங்கம் என்றும், தாளமின்றி ஓதுவதைச் சுத்தாங்கம் என்றும் ஓதுவார் வழங்குவர். சுத்தாங்கத்திலே எண்ணிக்கை காட்டுதல் பொருந்தாது. தொடரின் எழுச்சியையும் தங்குமிடத்தையும் இறக்கத்தையும் கையை ஒழுகவிட்டுக் காட்டுதல் வேண்டும். சான்றாக, திருஞானசம்பந்தர் திருக்கோணேச்சரத்தின்மீது பாடிய பதிகம் புறநீர்மைப் பண்ணில் அமைந்தது. பகற்பண்களுள் ஒன்றாகிய அது இக்காலத்துப் பூபாளமாகப் பாடப்படுகின்றது. காலைக் கூட்டத்துக்கு மிக ஏற்றது. நமது நாட்டுத் தலத்தைப் பாடிய அப்பதிகத்தில் ஒரு பாடலையேனும் ஒவ்வொரு மாணவனும் பண்ணோடு பாட அறிந்து வெளியேறுதல் வேண்டும்.

ஒரு பாடவேளைக்குரிய பாடக்குறிப்பு

40 நிமிடப் பாடவேளையைப் பின்வருமாறு பகுத்துக்கொள்ளலாம்.

உடலும் மூச்சும் – 5 நிமிடம். நிமிர்ந்து நிற்றல், தோளை உயர்த்தாது விலா விரிய மூச்சு வாங்கி, "ஸ்" என எட்டு எண்ணும்வரை மெல்ல விடுதல்.

சுருதி சேர்த்தல் – 5 நிமிடம். வாய்மூடிய "ம்", பின்னர் ஆகாரம், பின்னர் ஸ, ப, மேல் ஸ.

சொற்கள் – 5 நிமிடம். பாட்டின் இரண்டடியைப் பாடாது, தாளத்தோடு சேர்ந்து வாசித்தல். ல, ள, ழ வேறுபாடும் ர, ற வேறுபாடும் இங்கே திருந்தும்.

மெட்டு – 15 நிமிடம். ஆசிரியர் ஒரு மூச்சளவு பாடுக, மாணவர் கேட்க. பின் மாணவர் பாடுக, ஆசிரியர் கேட்க. இருவருஞ் சேர்ந்து பாடலாகாது.

கைக்கு அடங்கிப் பாடுதல் – 7 நிமிடம். தொடக்கம், நிறுத்தம், பெருக்கம், அடக்கம்.

மீட்டல் – 3 நிமிடம். பாதிப் பேர் பாட, மற்றப் பாதிப் பேர் கேட்டு ஒரு நிறையும் ஒரு குறையுஞ் சொல்லுதல்.

இவற்றுள் நான்காவதே பலர் தவறவிடுவது. ஆசிரியர் உரத்த குரலில் உடன் பாடும்வரை மாணவர் அவர் குரலின் மறைவில் ஒதுங்குவர். தாம் பாடுவதால் அவர்க்கும் மாணவர் குரல் கேளாது. ஆசிரியர் வாய் மூடிய கணத்திலேதான் வகுப்பு உண்மையிற் பாடத் தொடங்குகின்றது.

பிழைகளும் திருத்தமும்

பாடுகையிற் காலம் ஓடுதல் பொதுவான குற்றம். கையைப் பெரிதாக வீசினால் அது மேலும் ஓடும். கையசைவைச் சிறிதாக்குக. மாணவர் கையை நோக்கக் கண்ணைக் கூர்மையாக்குவர். காலம் தானே அடங்கும்.

சுருதி இறங்குதல் மற்றொரு குற்றம். களைப்பு, கூனிய நிலை, மூச்சுக் குறைவு, மிக ஆறுதலான காலப்பிரமாணம் என்பன அதன் காரணங்கள். அவரோகணத்தில் வரும் இடைவெளிகளை அளவுக்கு மிஞ்சி இறங்குதலும் உண்டு. நிமிர்ந்து நிற்கச் செய்து, காலத்தைச் சற்று விரைவாக்கி, சுருதியை மீண்டுங் கேட்பிக்க. இவையெல்லாஞ் செய்தும் இறங்குமாயின் அரைக் கட்டை மாற்றிப் பார்க்க.

கத்துதல் மூன்றாவது. "உரத்துப் பாடுங்கள்" என்று நாமே சொல்லிச் சொல்லி அதனை வளர்க்கின்றோம். "பக்கத்திலுள்ளவன் குரல் உங்கள் காதில் விழுமாறு பாடுங்கள்" என்று சொல்லிப் பார்க்க. உடனே ஓசை அடங்கி இசை பிறக்கும். திருத்துகையில் ஒரு முறைக்கு ஒரு பிழையையே திருத்துக. பிழை செய்தவன் பெயரைச் சொல்லாது, பிழை நேர்ந்த இடத்தைச் சொல்லுக.

"குரல் இல்லாத" மாணவன்

ஒரே சுரத்தில் முனகும் மாணவன் எந்த வகுப்பிலும் இருப்பான். பெரும்பாலும் அவன் காதிற் குறையில்லை. தன் குரலைக் காதோடு இணைக்கும் பழக்கமே அவனுக்கு வாய்க்கவில்லை. ஆசிரியர் தம் சுரத்துக்கு அவனை இழுக்க முயல்வதை விடுத்து, அவன் சுரத்துக்குத் தாம் செல்லுக. அவனை விருப்பமான ஓர் ஒலியை இழுக்கச் சொல்லி, அதே சுரத்தை அவனோடு சேர்ந்து பாடுக. "இப்பொழுது நாம் இருவரும் ஒன்று" என்பதை அவன் தன் காதால் உணர்வான். பின் அரைச் சுரம் மேலே செல்க, அவனும் வருவான். நாளுக்கு இரண்டு நிமிடமாக, பிறர் பாராத இடத்தில் இதனைச் செய்க. சிலர்க்கு ஒரு மாதம் செல்லும். சிலர்க்கு ஒரு தவணை செல்லும். அவசரம் வேண்டாம்.

போட்டிக்குச் செல்லும் குழுவிற்குத் தெரிவு வேண்டும் என்பதை மறுக்கின்றோமல்லேம். தமிழ்மொழித்தினப் போட்டிக்குச் சிறந்தாரைத் தெரிதல் நியாயமே. ஆயின் காலைப் பிரார்த்தனை போட்டியன்று. கல்லூரிக் கீதம் போட்டியன்று. இவ்விரண்டிலும் எந்த மாணவனையும் மௌனமாக நிறுத்தும் உரிமை நமக்கில்லை.

பாட்டு எதற்கு?

"பரீட்சைக்கு உதவாத இப்பயிற்சிக்கு இத்துணை முயற்சி எதற்கு?" எனச் சிலர் கேட்கலாம். 1995ஆம் ஆண்டு ஒக்டோபர் இறுதியில் வலிகாமத்து மக்கள் ஊரைவிட்டுப் பெயர்ந்தபோது, பாடசாலைக் கட்டடங்களைப் பின்னே விட்டுச் சென்றனர். கரும்பலகையையும் நூலக அலுமாரியையும் தலையிற் சுமக்க இயலாது. மாணவன் நாவிலுள்ள பாட்டு மட்டும் சுமையின்றி உடன் செல்லும். இன்று நம் பழைய மாணவர் ரொறன்ரோவிலும் இலண்டனிலும் சிட்னியிலும் கூடும்போது, கல்லூரியின் சுவரோ மாமரமோ அங்கில்லை. ஐந்து நிமிடக் கீதமே அவர்க்குக் கல்லூரி. அதனைப் பாட அறியாதவன் அந்த ஐந்து நிமிடமும் வெளியே நிற்கின்றான். அவனை வெளியே நிறுத்துவதும் உள்ளே அழைப்பதும் இன்று வகுப்பறையில் நிற்கும் ஆசிரியர் கையில் உள்ளன.

பழைய மாணவராகிய அன்பர்களுக்கும் ஒரு விண்ணப்பம். இந்த யூபிலி விழாவிலே கீதம் இசைக்கப்படும்போது ஒலிப்பதிவை நிறுத்திவிடுவோம். ஒருவர் முன்வந்து சுருதி கொடுக்கட்டும். பத்து விநாடி அனைவரும் அதனைக் கேட்போம். அவர் கை உயரும்போது அவரோடு சேர்ந்து மூச்சு வாங்குவோம். "எமக்குப் பாட வராது" என்று இத்தனை ஆண்டும் நின்றவர்களும் ஆதார ஷட்ஜத்தையேனும் பற்றிக்கொண்டு உடன் நிற்கலாம்; அதுவும் பாட்டே. கல்லூரி அன்னை தன் மக்கள் அனைவர் குரலையும் ஒருங்கு கேட்டு மகிழ்வாளாக.